ஸ்ட்ராஸ்பர்க்கில் வாசிக்கப்படும் பெயர்கள்

ஐரோப்பிய நாடாளுமன்றம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஸ்விஃப்ட் மூலமாகத்தான் தெரிய வந்தது. கார் இல்லீங்க. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் செய்தி அனுப்புமே, அந்த ஸ்விஃப்ட். 2010 பிப்ரவரி. லூதியானாவுக்கு மாற்றலாகி வந்த புதிது, என்னை ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் டெஸ்க்கில் உட்கார வைத்திருந்தார்கள். கம்பளி, ஹோசியரி, சைக்கிள் பாகங்கள் என்று ஏற்றுமதி பில்கள் வந்து விழும். எல்.சி. திறப்பது, திருத்துவது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாமே ஸ்விஃப்ட் செய்திகள்தான்.

அந்தச் செய்திகளை அமெரிக்க நிதித்துறை 2001 தாக்குதலுக்குப் பிறகு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 2006ல் பத்திரிகைகள் அதைப் போட்டு உடைத்தன. பிறகு ஐரோப்பிய அரசுகள் அமெரிக்காவுடன் ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டன. கையெழுத்தான தேதியைப் பாருங்கள்: 2009 நவம்பர் 30. மறுநாள், டிசம்பர் 1, லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இப்படிப்பட்ட விஷயங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று ஆனது. வருடக் கணக்கு முடிப்பதற்கு முந்தைய நாள் என்ட்ரி போடுகிற பார்ட்டிகளை எனக்குத் தெரியும் :-)

நாடாளுமன்றம் விடவில்லை. ஹிலரி கிளிண்டனே போன் போட்டுப் பேசியும், 2010 பிப்ரவரி 11 அன்று 378க்கு 196 என்ற கணக்கில் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஜூலையில் திருத்திய வடிவம் வந்த பிறகுதான் சரி என்றார்கள். "அட, அமெரிக்காவுக்கே இல்லேன்னு சொல்ல ஒரு சபை இருக்கா" என்று அன்றைக்குத் தோன்றியது. அதிலிருந்து ஆணி குறைவான நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டம்மா கேட்பார்: "பெல்ஜியத்துக்காரன் என்ன பேசுனான்னு சொல்றீங்களே, நம்ம தாராபுரத்துல தண்ணி வருதான்னு எங்கம்மாகிட்ட கேட்டீங்களா?"

இந்தச் சபை கொஞ்சம் விசித்திரமானது. 1979லிருந்து மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்த சபையின் முதல் தலைவர் சிமோன் வெயில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். 2024 தேர்தலுக்குப் பிறகு 27 நாடுகளிலிருந்து 720 பேர். வேலை பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில். ஆனால் மாதத்தில் நாலு நாள் பெட்டி படுக்கையோடு ஸ்ட்ராஸ்பர்க் போக வேண்டும். நாமே மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றலுக்கு அழுகிறோம், இவர்கள் மாதா மாதம்! இத்தனை இருந்தும் சட்ட வரைவை முதலில் கொண்டுவரும் உரிமை இவர்களுக்குக் கிடையாது, அது ஆணையத்தின் வேலை. வெளியுறவுக் கொள்கையும் அந்தந்த நாட்டு அரசுகளின் கையில். ஒரு ராணுவ வீரனைக்கூட எங்கும் அனுப்ப முடியாது. பிறகு எந்த தைரியத்தில் உலகத்து மனித உரிமை பற்றியெல்லாம் பேசுகிறார்கள்?

பேசுவதுதான் முதல் ஆயுதம். ஒவ்வொரு ஸ்ட்ராஸ்பர்க் கூட்டத்திலும் அதிகபட்சம் மூன்று விவகாரங்களை எடுத்துக்கொண்டு அவசரத் தீர்மானம் போடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் சிறையில் இருக்கும் பத்திரிகையாளர், வழக்கறிஞர், தொழிற்சங்கக்காரர் என்று. பல ஆண்டுகளாக அது வியாழக்கிழமை சமாச்சாரம். ஊருக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். இருக்கிற பத்து நாற்பது பேர் ஆளுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பேசுவார்கள். வீடியோவில் பார்த்தால் நம்ம ஊர் கூட்டுறவு சங்கப் பேரவைக் கூட்டம் மாதிரி இருக்கும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று நானும் நினைத்ததுண்டு, 2021 ஜூன் வரை.

அந்த மாதம் 10ஆம் தேதி இலங்கையைப் பற்றி ஒரு தீர்மானம். கொரோனாவுக்குப் பிறகு சபை முதல்முறையாக ஸ்ட்ராஸ்பர்க் திரும்பிய வாரம். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் (1979ல் வந்தது, தற்காலிகம் என்றுதான் கொண்டுவந்தார்கள்!) ரத்தாக வேண்டும், இல்லையென்றால் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆணையம் யோசிக்க வேண்டும் என்று தீர்மானம். ஆதரவு 628, எதிர்ப்பு 15. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களில் ஒருவர் அஹ்னாஃப் ஜசீம். மன்னார்ப் பக்கத்து இளைஞர், பள்ளிக்கூட ஆசிரியர், தமிழில் கவிதை எழுதுபவர். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் கைது செய்தார்கள். தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம் அந்தப் புத்தகம். தீவிரவாதத்துக்கும் வன்முறைக்கும் எதிரான கவிதைகளே அதில் இருக்கின்றன என்று படித்தவர்கள் சொன்னார்கள். கைதானபோது அவருக்கு 25 வயதுதான்.

தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட்ட பையனின் பெயரை, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பின்லாந்துக்காரரும் போர்ச்சுகல்காரரும் ஓட்டெடுப்புக்கு விட்ட தாளில் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மொழியைத் தெரியும் இல்லையா? என் பெண் பத்தாவது படிக்கிறாள், இங்கே பஞ்சாபியும் இந்தியும்தான், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளிடம் காட்டினேன். "கவிதை எழுதினா ஜெயிலாப்பா?" என்றாள்.

2021 டிசம்பரில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்மானத்தால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவருக்காக ஆஜரான வழக்கறிஞர்கள், குடும்பம், பத்திரிகைகள், ஐ.நா. என்று கணக்கில் பல வரவுகள் உண்டு. எந்த வரவில் எந்தக் கடன் தீர்ந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்று, தாளில் பெயர் ஏறிய கைதியை ஓசைப்படாமல் மறந்துவிடுவது கஷ்டம். கோப்பில் குறிப்பு எழுதி வைத்த விவகாரத்தை அடுத்து வரும் மேனேஜர் எப்படித் தெரியாத மாதிரி தாண்டிப்போக முடியாதோ அப்படி.

இவர்கள் கொடுக்கும் சகாரோவ் பரிசும் இந்த வகைதான். சோவியத் விஞ்ஞானி ஆந்திரேய் சகாரோவ் பெயரில் 1988ல் ஆரம்பித்தது, 50,000 யூரோ. முதல் பரிசு இருவருக்கு. ஒருவர் நெல்சன் மண்டேலா, அப்போது சிறையில் இருந்தார். இன்னொருவர் அனதோலி மார்ச்சென்கோ, 1986ல் சோவியத் சிறையிலேயே இறந்து போனவர். மண்டேலா 1990 ஜூனில் நேரில் போய் அந்தச் சபையில் பேசினார். 1995ல் பரிசு பெற்ற துருக்கியின் குர்து இன எம்.பி. லெய்லா சானா, விடுதலையாகி 2004ல்தான் போய் வாங்கினார். ஆங் சான் சூ கிக்கு அறிவித்தது 1990ல். அவர் கையில் வாங்கியது 2013ல். 23 வருஷ டெபாசிட்!

சூ கி கதை அதோடு முடியவில்லை. ரோஹிங்கியாக்களுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று, 2020 செப்டம்பரில் பரிசு பெற்றவர்களின் குழுவிலிருந்து அவரை நிறுத்தி வைத்தார்கள். ஐந்தே மாதம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரை மறுபடி உள்ளே போட்டது. நாடாளுமன்றம் என்ன செய்யும் பாவம்? அவருடைய விடுதலைக்கும் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, பேச்சும் பரிசும் ஒரு பக்கம். வங்கிக்காரன் கண்ணுக்கு இந்தச் சபையின் உண்மையான பலம் கையெழுத்தில்தான் இருக்கிறது. செக்யூரிட்டி இல்லாத கடனுக்கு எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் பார்ட்டி டீ குடித்துவிட்டுப் படிப்பான். கையில் பத்திரம் இருந்தால் ஒரு போன் போதும். லிஸ்பனுக்குப் பிறகு வணிக ஒப்பந்தம் எதுவானாலும் இந்தச் சபை ஒப்ப வேண்டும். 2011 டிசம்பரில் மொராக்கோவுடனான மீன்பிடி ஒப்பந்த நீட்டிப்பை நிராகரித்தார்கள். மொராக்கோ பிடித்து வைத்திருக்கும் மேற்கு சஹாராவின் கடலும் அதில் இருந்தது, அங்குள்ள மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பது ஒரு முக்கியமான கேள்வி. ஐரோப்பியப் படகுகள் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாகிவிட்டது.

அதைவிடப் பெரியது சீனா. 2020 டிசம்பர் கடைசியில் முதலீட்டு ஒப்பந்தத்துக்குக் கொள்கை அளவில் இரு தரப்பும் சரி சொல்லியாயிற்று. 2021 மார்ச்சில் சின்ஜியாங்கில் உய்குர் மக்கள் மீதான கொடுமைக்காகச் சில சீன அதிகாரிகள் மீது ஐரோப்பா தடை போட்டது. பதிலுக்குச் சீனா ஐந்து ஐரோப்பிய எம்.பி.க்கள் மீதும் மனித உரிமைத் துணைக்குழு முழுவதன் மீதும் தடை போட்டது. மே 20 அன்று சபை கூடி, அந்தத் தடை இருக்கும்வரை ஒப்பந்தத்தைத் தொடவே மாட்டோம் என்றது. ஆதரவு 599, எதிர்ப்பு 30. 2025 ஏப்ரலில் சீனா எம்.பி.க்கள் மீதான தடையை விலக்கிக்கொண்டது.

இன்னொரு சுவாரசியமான விஷயம், ஏற்றுமதி டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் புரியும். 2005ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது: சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் பயன்படும் பொருட்களை ஏற்றுமதி செய்யக் கூடாது. பின்னிணைப்பில் பட்டியல், வரி எண்களோடு. தூக்குமரம், கில்லட்டின், மின்சார நாற்காலி! பனியனுக்கும் சைக்கிள் செயினுக்கும் எண் தேடுகிற நமக்கு, தூக்குமரத்துக்கும் சுங்க வரி எண் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. 2011 கடைசியில் விஷ ஊசிக்குப் பயன்படும் தயோபென்டால் போன்ற மருந்துகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் அந்த மருந்தை எங்கிருந்து வாங்கியது தெரியுமா? நம்ம மும்பையிலிருந்து. விஷயம் வெளியே வந்ததும் அந்தக் கம்பெனி இனி விற்க மாட்டோம் என்று சொன்னது.

இப்போது கசப்பான பகுதி. வரிச்சலுகை. ஏழை நாடுகளின் பொருட்களுக்கு ஐரோப்பா வரியைக் குறைக்கும், அல்லது தள்ளுபடி செய்யும். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற திட்டத்தில் மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல் என்று 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். இலங்கைக்கு 2010 ஆகஸ்டில் இதை நிறுத்தினார்கள். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உள்ளிட்டவற்றைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்பது காரணம். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. சலுகையே இல்லாத சட்டைக்கு 12 சதவீதம் வரை வரி. ஆடைத் தொழிலில் லாபம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்த 12 என்னவென்று புரியும்.

அப்போது திருப்பூரில் இருக்கும் என் மாமா பையன் போனில் சொன்னான்: "மச்சான், கொழும்பு ஆர்டர் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்னு பேசிக்கறாங்க." அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு டெர்ம் லோன் தவணை. ஆனால் ஒரு நாட்டின் சித்திரவதை இன்னொரு ஊரின் ஆர்டர் புக்கில் வந்து உட்காருவதைப் பார்த்தால் எப்படியோ இருக்கிறது. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, நம் பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். அண்ணன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே, தங்கை ஐரோப்பாவுக்குப் போகும் சட்டைக்குக் காஜா அடிக்கிறாள் என்று வையுங்கள். ஐரோப்பா சலுகையை நிறுத்தினால் அந்த வீட்டுக்கு அது உதவியா, உபத்திரவமா? 2021 தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்ட 628 பேரில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்திலேயே, சலுகையை எடுப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கம்போடியாவில் அந்தக் கடைசி வழியையும் பார்த்தாயிற்று. 2017ல் எதிர்க்கட்சித் தலைவர் கெம் சோக்காவைக் கைது செய்து, கட்சியையே நீதிமன்றம் மூலம் கலைத்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் கம்போடியாவின் ஐரோப்பிய ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்குச் சலுகை போனது. ஹுன் சென் அசைந்தாரா? 2023 மார்ச்சில் கெம் சோக்காவுக்கு 27 வருடம் வீட்டுக் காவல். அதே வருடம் ஹுன் சென் நாற்காலியை மகனிடம் கொடுத்தார். நூல் பிரிந்தது தையல்காரப் பெண்களுக்குத்தான். என் கணிப்பு, மிரட்டல் இருக்கும்வரைதான் மிரட்டலுக்கு மதிப்பு. ஜப்தி செய்த பிறகு பார்ட்டி நம்மிடம் பேச என்ன இருக்கிறது?

எங்கள் கிளை மேனேஜர் ஒரு சர்தார்ஜி. 2023 ஜூலை 13 அன்று மணிப்பூர் பற்றி இதே சபை தீர்மானம் போட்டபோது டீ நேரத்தில் என்னிடம் பாய்ந்தார், ஏதோ நான்தான் ஸ்ட்ராஸ்பர்க் எம்.பி. மாதிரி. "உங்க ஆளுங்களுக்கு வேற வேலை இல்லையா ஜி? இது எங்க வீட்டு விஷயம்." நம் வெளியுறவுத் துறையும் இது காலனிய மனப்பான்மை என்று கண்டித்தது. எனக்கும் ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது. நம் வீட்டுச் சண்டையை எதிர் வீட்டுக்காரர் மைக் வைத்துப் படித்தால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அஹ்னாஃப் பெயரைப் படித்தபோது கை தட்டிவிட்டு, மணிப்பூர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு வரவில்லை. மே 3லிருந்து அங்கே ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்தது, அது உண்மைதானே? இதை அவரிடமும் சொன்னேன். "தும் மதராஸி லோக்..." என்று ஆரம்பித்துப் பாதியில் சிரித்துவிட்டார்.

அடுத்த வருடம் ஜூனில் அவரே ஒரு பேப்பரை என் மேசையில் வைத்தார். இத்தாலியில் லாத்தினா பகுதியில் ஒரு பஞ்சாபி விவசாயக் கூலிக்கு இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், வெட்டுண்ட கையைப் பழப் பெட்டியில் வைத்து, வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டார். மேனேஜரின் சித்தப்பா பையன் இத்தாலியில் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறான். "இதுக்கு என்ன தீர்மானம் ஜி?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2022 டிசம்பரில் பெல்ஜியம் போலீஸ் சோதனையில் கட்டுக் கட்டாகப் பணம், சுமார் 15 லட்சம் யூரோ. கத்தாருக்கும் மொராக்கோவுக்கும் சாதகமாகப் பேச லஞ்சம் என்று வழக்கு. சிக்கியவர்களில் பன்சேரி என்ற முன்னாள் எம்.பி. யார் தெரியுமா? மனித உரிமைத் துணைக்குழுவின் முன்னாள் தலைவர்! மனித உரிமைக்காக ஒரு தொண்டு நிறுவனம் வேறு வைத்திருந்தார். 2023 ஜனவரியில் அரசுத் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒத்துழைக்கச் சம்மதித்தார். மற்றவர்களில் பலர் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். யார் பெயரையும் காசு வாங்காமல் வாசிக்க வேண்டிய இடத்தில் இப்படி. சிறையில் இருப்பவனுக்கு அந்தத் தாள் ஒன்றுதான் பிடிமானம், அதையும் விலை போட்டிருக்கிறார்கள். இதை மட்டும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

2024 ஏப்ரலில், 555 பேர் ஆதரவோடு, கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கத் தடை போடும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2027 டிசம்பர் முதல் அமலாகும். நம் ஆட்களுக்கு இப்போதே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. போன மாதம் ஒரு ஹோசியரிக்காரர் வந்தார், மூன்று தலைமுறைக் கணக்கு. "இதுக்கு எந்த ஃபாரம் சாப்?" என்றார். ஃபாரம் எல்லாம் இல்லை, நூல் எங்கிருந்து வருகிறது, அதை நூற்றவர்கள் யார், எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும் என்றேன். பருத்தி நூல் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வருகிறதாம்.

திண்டுக்கல் என்றதும் என் சித்தி மகள் ஞாபகம். 2006லிருந்து மூன்று வருடம் அங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் சுமங்கலித் திட்டத்தில் இருந்தவள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சித்தப்பா சேர்த்துவிட்டார். ஹாஸ்டலை விட்டு வெளியே விட மாட்டார்கள். வீட்டுக்குப் போன் பேச வார்டன் அனுமதி வேண்டும். 2011ல் நெதர்லாந்து அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பியக் கடைக்காரர்கள் இங்கே வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நாங்கள், சொந்தக்காரர்கள், யாரும் கேட்கவில்லை; ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி அவளுக்குப் போன் போட்டேன். இப்போது அவள் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்று அதே பக்கம் மில்லுக்குப் போகிறதாம்.

"எப்படிம்மா இருக்குது இப்ப?" என்றேன்.

"பரவாயில்லீங்ணா. ஞாயித்துக்கெழமை வெளிய உடறாங்களாம். செல்லும் அவங்களே வெச்சுக்கலாமாம். ஓவர்டைம் மட்டும் வேண்டாம்னு சொல்ல முடியாதாமா." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்ணா, பேங்க்ல இதெல்லாம் எதுக்குக் கேக்கறாங்க?"